கோழி இழுக்குது டீச்சர்

வெள்ளிமலையில் நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. திங்கட்கிழமை காலை, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சிமெண்டுச் சாக்கு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்பறை வாசலில் நின்றான். சாக்கின் வாயிலிருந்து ஒரு கோழியின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அலகு திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை நீட்டி, வானத்தைப் பார்த்து இழுத்தது.

"கோழி இழுக்குது டீச்சர். நேத்து ராத்திரி புடிச்சி இப்பிடித்தான் கெடக்குது" என்றான்.

நான் சமவெளியில் பிறந்து வளர்ந்தவள். கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பு வைக்கத்தான். ஆனால் அறிவியல் ஆசிரியர் என்று பெயர். முப்பது பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "மழைக் குளிருல சளி புடிச்சிருக்கும்" என்றேன். எனக்கே சளி இருந்ததால் கைப்பையில் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரை இருந்தது. அதில் பாதியைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, கோழியின் வாயைத் திறந்து ஊற்றினேன். பிள்ளைகள் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு முறை தடவிக் கொடுத்தார்கள். மாலையில், "மத்த கோழிங்களோட சேத்து அடை. கதகதப்பா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை. திங்கட்கிழமை வந்தபோது, வீட்டில் இருந்த 14 கோழிகளில் 12 செத்துவிட்டன என்றான். என்மேல் கோபமெல்லாம் இல்லை. "மாத்திர குடுத்தும் செத்துப்போச்சு டீச்சர்" என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னான். அந்தப் பன்னிரண்டில் இரண்டு சேவல்கள், பொங்கலுக்கு விற்க வைத்திருந்தவை. கள்ளக்குறிச்சியில் தங்கிப் படிக்கும் அக்காளுக்குக் கட்ட வேண்டிய பணம் அந்தச் சேவல்களின் காலில்தான் நின்றிருந்தது. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கோழியைத் தடவிக் கொடுத்த பிள்ளைகளில் நான்கு பேர் வீட்டில் அடுத்த பத்து நாளில் கோழிகள் விழுந்தன. நோய் என் வகுப்பறை வழியாகத்தான் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. போயிருக்கக் கூடும். அதுவே போதும், அந்த ஆண்டு முழுக்க எனக்கு உறக்கம் கெட.

பின்னர் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். கழுத்து முறுக்கிக்கொண்டதா, எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருந்ததா, எத்தனை நாளில் எத்தனை செத்தன என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "வெள்ளைக் கழிச்சல். மருந்து கிடையாது. தடுப்பூசிதான் உண்டு" என்றார். மலையில் இதைக் 'கோழிச் சீக்கு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். புத்தகங்களில் இராணிக்கெட் நோய் என்றிருக்கும். மேலை நாடுகளில் நியூகேசில் நோய். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகேசில் நகரிலும் கண்டறியப்பட்ட அதே நோய் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலை அடிவாரத்து ராணிகேத் ஊரில் கோழிகளை வாரிக்கொண்டு போனது; அந்த ஊரின் பெயரே நம் நாட்டில் நோய்க்கு நிலைத்துவிட்டது. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தேர்வில் 'ராணிப்பேட்டை நோய்' என்று எழுதியிருந்தாள். மதிப்பெண்ணைக் குறைக்க மனம் வரவில்லை. ராணிப்பேட்டைக்கும் இதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. ஆனால் நேர் எதிரான தொடர்பு. 1932-இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் இருக்கிறது. நம் மாநிலத்துக் கோழிகளுக்கான தடுப்பு மருந்து தயாராகும் இடம் அது.

இதை நான் எழுதுவது கோழி வைத்தியம் சொல்லித்தர அல்ல. அதற்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மலைக்கிராமப் பள்ளியிலோ, சிற்றூர்ப் பள்ளியிலோ வேலை பார்க்கும் எவரிடமும் ஒருநாள் ஒரு பிள்ளை இப்படி ஒரு கோழியோடு வந்து நிற்கும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நாம் என்ன சொல்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு கோழி போவதா, ஒரு தெருவே போவதா என்பது அமையும். அந்த ஒரு மணி நேரத்துக்கு எனக்கு யாராவது சொல்லித் தந்திருக்கலாமே என்று நினைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கோழி எப்படி மூச்சு விடுகிறது என்பது. மனித சுவாசத்தை நடத்தும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது, நுரையீரல் விரிகிறது என்று பலூன் வைத்துக் காட்டுகிறோம். கோழிக்கு நம்முடையதைப் போன்ற உதரவிதானம் கிடையாது. அதன் நுரையீரல் பலூன்போல விரிவதும் இல்லை. முதுகு விலா எலும்புகளோடு ஒட்டி, ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. காற்றை இழுத்துத் தள்ளும் துருத்தி வேலையைச் செய்பவை உடலெங்கும் பரவியிருக்கும் மெல்லிய காற்றுப்பைகள். கோழிக்கு இவை ஒன்பது. கழுத்தடியிலிருந்து அடிவயிறு வரை இருக்கின்றன. சில எலும்புகளுக்குள்ளும் நுழைகின்றன. கோழியின் மேற்சிறகு எலும்பு உள்ளே கூடாக இருப்பதைச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள்.

உள்ளே இழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போகிறது. மூச்சை விடும்போது அங்கிருந்து நுரையீரலுக்குள் பாய்கிறது. அடுத்த முறை இழுக்கும்போது முன்பக்கப் பைகளுக்கு நகர்ந்து, அதற்கடுத்து விடும்போதுதான் வெளியேறுகிறது. ஒரு மடக்குக் காற்று வெளியே வர இரண்டு மூச்சு ஆகிறது. நுரையீரலின் நுண்குழல்களுக்குள் காற்று ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும்; நம்மைப்போலப் போன வழியே திரும்பி வருவதில்லை. கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருவது இந்த ஏற்பாட்டால்தான். உயரத்தில் கிடைக்கும் கொஞ்சம் உயிர்வளியையும் அது வீணாக்காது.

இந்த அமைப்பில் கோழிக்கு நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. காற்றோடு வரும் பூஞ்சைத் தூளும் கிருமியும் புகையும் நுரையீரலோடு நிற்காமல் வயிறு வரை போய்ச் சேர்ந்துவிடும். காற்றுப்பைகளில் இரத்த ஓட்டம் குறைவு. அதனால் அங்கே தங்கிய கிருமியை உடல் எதிர்ப்பதும் மெதுவாகவே நடக்கிறது, மருந்து போய்ச் சேர்வதும் கடினம். பிரிட்டனில் 1986 வரை நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறியக் கூண்டுக்குருவிகளை வைத்திருந்தது இதனால்தான். மனிதனுக்குத் தெரியும் முன் குருவி சாய்ந்துவிடும். நம் மலைவீடுகளில் அடைக்கோழிக்கு இடம் ஒதுக்குவது பெரும்பாலும் விறகடுப்புக்குப் பக்கத்து மூலைதான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

கையில் பிடிக்கும் முறையும் இதிலிருந்தே வருகிறது. உதரவிதானம் இல்லாததால் மார்பெலும்பு கீழும் மேலும் அசைந்தால்தான் கோழிக்கு மூச்சு. அன்பு மிகுதியில் குழந்தைகள் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தால், ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் கோழி அந்தக் கையிலேயே போய்விடும். அடிவயிற்றைக் கையில் தாங்கி, சிறகை மட்டும் மெல்ல அணைத்து, மார்பை விட்டுவிட வேண்டும்.

நான் செய்த இன்னொரு தவற்றுக்கும் விளக்கம் அதன் வாய்க்குள்ளேயே இருக்கிறது. நலமான கோழி ஒன்றின் அலகைத் திறந்து பாருங்கள். நாக்குக்குச் சற்றுப் பின்னால், தரையில், சிறு பிளவு ஒன்று திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சுக்குழலின் வாசல். மூச்சு முட்டும் கோழிக்கு அது அகலத் திறந்தே இருக்கும். அதில் கஷாயமோ, மாத்திரை கரைத்த தண்ணீரோ, விளக்கெண்ணெயோ ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும். அன்று என் கையால் ஊற்றிய தண்ணீரில் எவ்வளவு வயிற்றுக்குப் போனதோ. துளசி, தூதுவளை, மிளகு, மஞ்சள் என்று பாட்டிமார் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். கோழி தானாகக் கொத்தித் தின்னும் நிலையில் இருந்தால் தீவனத்தில் உருட்டி வைக்கட்டும். வாயைத் திறந்து ஊற்றுவது மட்டும் கூடாது. மண்ணெண்ணெய் தடவுவது, புகையிலைச் சாறு விடுவது எல்லாம் அறவே கூடாது.

இழுப்பு என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. வகுப்பில் ஒரு பிள்ளை அழுகிறது என்றால் பசியா, அடியா, வீட்டு ஞாபகமா என்று எப்படிக் கேட்டுத்தான் அறிகிறோமோ, அப்படித்தான் இதுவும். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் பெயர் வைத்ததுதான் என் முதல் தவறு.

சித்திரை வெயிலில், நண்பகலில், எல்லாக் கோழிகளும் அலகைத் திறந்து சிறகை உடம்பிலிருந்து தள்ளி வைத்து மூச்சிரைத்தால் அது நோய் இல்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். வாய் வழியாக ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்ந்துகொள்ளும். நிழலும் தண்ணீரும் கொடுத்தால் அரை மணியில் சரியாகிவிடும். அதிகாலைக் குளிரில் ஒரு கோழி அப்படி இழுத்தால் அது வேறு கதை.

ஒன்றா, பலவா என்பது அடுத்த கேள்வி. ஒரே ஒரு கோழி, திடீரென்று, தீனி தின்னும்போது இழுக்கத் தொடங்கினால் தொண்டையில் எதுவும் சிக்கியிருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொற்றினால் கிருமி. முகம் வீங்கி, கண்ணோரம் நுரைத்து, மூக்கில் வடியும் சளி நாறினால் கொரைசா எனும் சளிநோயாக இருக்கக்கூடும். நாற்றம்தான் அதன் அடையாளம். வாரக்கணக்கில் கரகரவென்று சத்தம், ஆனால் உடனே சாவு இல்லை, மெலிந்துகொண்டே போகிறது என்றால் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் உண்டாக்கும் நாள்பட்ட சுவாச நோயை மருத்துவர் முதலில் நினைப்பார். கொண்டையில் அம்மைக் கொப்புளம் இருந்து வாய்க்குள்ளும் மஞ்சள் படலம் தெரிந்தால் அம்மை தொண்டைக்குள் இறங்கியிருக்கிறது. குஞ்சுகள் கழுத்தை நீட்டித் தலையை உதறி உதறிக் கொட்டாவி விடுவதுபோலச் செய்தால், மூச்சுக்குழலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் சிவப்புப் புழு காரணமாகலாம். ஆணும் பெண்ணும் பிரியாமல் இணைந்தே கிடப்பதால் கவட்டைபோலத் தெரியும் அந்தப் புழு, மண்புழுவையும் நத்தையையும் கொத்தித் தின்பதன் வழியாகவும் வருகிறது. மழைக்காலத்து மலைத்தோட்டத்தில் இரண்டுக்கும் பஞ்சம் இல்லை.

இழுப்போடு பச்சை வெள்ளைக் கழிச்சல், சிறகு தொங்கல், கால் இழுத்தல், கழுத்து முறுக்கல் இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து, தடுப்பூசியும் போடாத கோழியாக இருந்தால் வெள்ளைக் கழிச்சலைத்தான் அஞ்ச வேண்டும். தடுப்பூசி காணாத ஊரில் இது புகுந்தால் ஏறக்குறைய முழுதையும் துடைத்துவிட்டுப் போகும். கிருமி உடலுக்குள் போய் அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். அதற்குள் அந்தக் கோழியைச் சந்தையில் விற்றிருப்போம், அல்லது உறவுக்காரர் வீட்டுக்குக் கொடுத்திருப்போம். எச்சத்திலும் சளியிலும் மட்டுமல்ல, நம் செருப்பிலும் கூடையிலும் ஏறிக்கொண்டு அது அடுத்த வீட்டுக்குப் போகும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நோய் தெரியாமலே ஒரே நாளில் பல கோழிகள் செத்து விழுவது, கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, தலை வீங்குவது, காக்கையோ நீர்ப்பறவையோ கூடவே சாவது. இவை தெரிந்தால் தொடவே வேண்டாம். பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 2006-இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு பல மாநிலங்களில் வந்து வந்து போகிறது. வெளிப்பார்வைக்கு வெள்ளைக் கழிச்சலும் இதுவும் ஒன்றுபோலவே தோன்றும். போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்தில் சோதித்துத்தான் உறுதி செய்கிறார்கள். பிள்ளைகளை விலக்கி நிறுத்தி, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்வது ஒன்றே நம் வேலை.

மற்றபடி அந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம்தான். இழுக்கும் கோழியை மற்றவற்றிடமிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள, புகையில்லாத, வெயில் படாத, உலர்ந்த இடத்தில் ஒரு கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ வையுங்கள். தண்ணீரைத் தலைமாட்டில் எட்டும் உயரத்தில் வையுங்கள். மூக்குத் துளை அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, அந்தத் துணியை எரித்துவிடுங்கள். தீனி போடுவது முதலில் நல்ல கோழிகளுக்கு, கடைசியில்தான் நோய்க்கோழிக்கு. வேலையைத் திருப்பிச் செய்தால் நோயைக் கையாலேயே பரிமாறியதாகும். தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெள்ளைக் கழிச்சல் கிருமி நம் கண்ணில் பட்டால் கண் சிவந்து உறுத்தும். பிறகு 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது. செத்த கோழியை ஓடையில் வீசக்கூடாது. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பிழைக்காது போலிருக்கிறதே என்று அறுத்து அக்கம்பக்கம் பங்கு போடுவதும் நம் ஊர்களில் நடக்கிறது. அறுத்த இறகும் குடலும் போகிற இடமெல்லாம் நோய் போகும்.

என் பாதி மாத்திரைக்கு வருகிறேன். வெள்ளைக் கழிச்சல் வைரசால் வருவது. ஆன்டிபயாடிக் வைரசை ஒன்றும் செய்யாது. சளிநோய்க்கும் நாள்பட்ட சுவாச நோய்க்கும் மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதித் தருவார், ஆனால் எது, எத்தனை நாள், அதற்குப் பின் எத்தனை நாள் முட்டையை உண்ணக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். அந்தக் கணக்கு இல்லாமல் கொடுத்தால் மருந்தின் மிச்சம் முட்டை வழியாக வீட்டுக் குழந்தைக்கே போகும். மருந்துக்கு அடங்காத கிருமியும் வளரும். மனிதர்களுக்குக் கடைசிப் புகலாக உள்ள கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க 2019-இல் இந்திய அரசு தடை விதித்தது இந்த அச்சத்தால்தான். பண்ணைக்காரரைக் குறை சொல்லிவிட்டு நாம் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுப்பது என்ன நியாயம் என்று அந்தச் செய்தியைப் படித்த அன்று தோன்றியது.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். அதே வாக்கியம். "கோழி இழுக்குது டீச்சர்." இந்த முறை கோழியை எடுத்து வரச் சொல்லவில்லை. "எனக்கும் தெரியாதும்மா. வா, சேந்து பாக்கலாம்" என்றேன். அப்படிச் சொல்லும்போது ஒரு கூச்சம் இருந்தது, மறுக்கவில்லை. ஒரு தாளில் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். எத்தனை கோழி, எத்தனை இழுக்கிறது, எப்போதிலிருந்து, எச்சம் என்ன நிறம், முகம் வீங்கியிருக்கிறதா, சத்தம் உண்டா, இரவு எங்கே படுக்கிறது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. மறுநாள் அவள் கொண்டுவந்த தாளில் பதில்கள் தெளிவாக இருந்தன. பத்தில் ஒன்று மட்டும் இழுக்கிறது. அது அடைக்கோழி. வாயைத் திறந்து இழுக்கிறது, ஆனால் கரகரப்பு இல்லை. கழிச்சல் இல்லை. 'மூச்சு 54' என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள். பக்கத்து வீட்டு நல்ல கோழிக்கு 24 என்றும், நான் கேட்காமலே, எழுதியிருந்தாள். கடைசியில், 'படுக்கும் இடம்: மக்காச்சோளத் தோகை, ஈரம், வாடை' என்றிருந்தது.

அந்தத் தாளைத் தொலைபேசியில் அப்படியே மருத்துவருக்கு வாசித்துக் காட்டினேன். பூஞ்சை பிடித்த தோகையின் தூள் மூச்சில் போயிருக்கும் என்றார். தோகையை அப்புறப்படுத்தி எரிக்கச் சொன்னார். அடைமுட்டைகளுக்குள்ளும் பூஞ்சை புகுந்திருக்கலாம், அவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவளுடைய ஆயாவுக்குப் பதினொரு முட்டையைக் குழியில் போட மனசே இல்லை. "டீச்சரம்மா சொல்றதுனால போடறேன்" என்றார். கோழி ஒன்பது நாள் இருந்துவிட்டுச் செத்தது. மற்ற ஒன்பதும் ஒன்றும் ஆகாமல் மேய்ந்துகொண்டிருந்தன. தோகைக்குப் பதிலாக இப்போது அவர்கள் வீட்டில் வெயிலில் காயவைத்த சாமை உமியைப் போடுகிறார்கள்.

மருத்துவர் என்னிடம் சொன்னது ஒன்று. மலையிலிருந்து வரும் அழைப்புகளில், "கோழி ஒடம்பு சரியில்லைங்க" என்பதற்கு மேல் தகவலே இருக்காதாம். அந்தத் தாளில் இருந்த எட்டு வரி, தான் நேரில் வந்தால் கேட்கக்கூடியதில் முக்கால் பங்கு என்றார். கவனித்தல், எண்ணுதல், ஒப்பிடுதல், பதிவு செய்தல் என்று செயல்திட்டத்தில் நாம் எழுதிவைக்கும் திறன்கள் எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தன. பக்கத்து வீட்டுக் கோழியின் மூச்சை எண்ணியதற்கு நான் எந்தப் பாடத்தில் மதிப்பெண் போடுவது என்றுதான் தெரியவில்லை.

தடுப்பூசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெள்ளைக் கழிச்சலில் நம்மால் ஆகக்கூடியது அது ஒன்றுதான். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. எட்டாம் வாரம் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. இடையிலும் பின்னரும் எப்போது திரும்பப் போடுவது என்பதை மருத்துவர் சொல்வார். எட்டாம் வார ஊசி மருந்தின் மூல வித்து, ராணிகேத்துக்குப் பக்கத்து மலையூரான முக்தேசுவரத்தின் ஆய்வுக்கூடத்தில் 1940-களில் உருவானது. நோயும் மருந்தும் ஒரே மலைத்தொடரிலிருந்து வந்தவை. ஆண்டுதோறும் பிப்ரவரியில், கோடைக்கு முன்பாக, கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. நோய் வந்துவிட்ட கோழிக்கு ஊசி பயன்படாது.

இவ்வளவு எளிது என்றால் ஏன் புறக்கடைக் கோழிகள் இன்னும் சாகின்றன? பதில் பாட்டிலின் அளவில் இருக்கிறது. ஒரு சிறு புட்டி மருந்து 100 கோழிக்கானது. கலக்கும் வரை குளிரில் இருக்க வேண்டும். கலக்கிவிட்டால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பண்ணைக்கு இது சிக்கலே இல்லை. ஏழெட்டுக் கோழி உள்ள வீடு, அடுத்த வீட்டுக்கு ஒரு காடு தாண்டி நடக்க வேண்டிய மலையில்தான் சிக்கல். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனத்தோடு தின்னக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது, ஊசியும் ஓட்டமும் இல்லாமல் சிற்றூர்க் கோழிகளைச் சென்றடையத்தான்.

எங்கள் பிள்ளைகள் இதைக் கணக்கு வகுப்பில் கையில் எடுத்தார்கள். ஒன்பது வீடுகள், 71 கோழிகள். வீட்டுக்கு வீடு நடக்க எத்தனை நிமிடம், ஒரு கோழிக்கு எத்தனை நொடி என்று கூட்டிப் பார்த்ததில் இரண்டு மணி நேரத்துக்குள் முடியவில்லை. கோழி பிடிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தபோது நிலைமை இன்னும் மோசம். பகலில் அவிழ்த்துவிட்ட கோழியைப் பிடிக்க முயன்றவர்களுக்கு அது புரியும். கடைசியில் ஒரு பையன் வழி சொன்னான். முந்தின இரவே எல்லா வீட்டிலும் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட வேண்டும். விடியுமுன் தூக்கிக்கொண்டு வழியில் உள்ள மூன்று வீட்டு வாசல்களுக்கு வந்துவிட வேண்டும். நோய்க்கோழி இருக்கும் வீட்டார் வரக்கூடாது என்பதை நான் சேர்த்தேன். பிப்ரவரி முகாமில் கால்நடை ஆய்வாளர் குளிர்ப்பெட்டியோடு காலை ஆறரைக்கு வந்தார். 68 கோழிகளுக்குப் போட்டு முடித்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை. மூன்று சேவல்கள் இரவே பலாமரத்தில் ஏறிக்கொண்டதால் தப்பிவிட்டன. அவற்றின் சொந்தக்காரி நான்காம் வகுப்புச் சிறுமி. அவளைப் பார்த்துப் பெரிய பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டே போனாள். அந்தச் சிரிப்பை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எட்டு மணிப் பெருமையில் எனக்குத் தோன்றவில்லை.

முதலாம் ஆண்டுச் சாக்கோடு வந்து நின்ற அந்தப் பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது, நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல், "டீச்சர், வெடக்கோழி மொத மொறையா அடையில உக்காந்திருக்குது. புதன்கிழம பொரிச்சா ஏழாம் நாளு எப்ப வருது? பொரிச்ச நாளையும் சேத்து எண்ணணுமா?" என்று கேட்டான். மளிகைக் கடைக்காரரின் நாள்காட்டியைத் திருப்பி இருவரும் விரலால் எண்ணினோம். மருத்துவரிடமே கேட்டுவிடலாம் என்று அவன்தான் சொன்னான். தொலைபேசியை எடுத்தேன்.